அண்ணியின் மடிப்புத் தக்காளி

புயல் ஓய்ந்த காலையில் அண்ணி கொல்லையில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கொட்டகைக் கூரை பறந்துபோய் வேலிக்கு அப்பால் கிடந்தது. உள்ளே சாம்பல் கலந்து வைத்திருந்த தக்காளி விதை சேறோடு சேறாகிவிட்டது. நாற்றுப் பாத்தியும் தண்ணீருக்கு அடியில். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அண்ணன் ஆறுதல் சொன்னார். அண்ணி சேற்றுக்குள் கைவிட்டு விதையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

அது கடையில் கிடைக்கிற தக்காளி இல்லை. சப்பையாக, பறங்கிக்காய் போல மடிப்பு மடிப்பாக இருக்கும். நல்ல புளிப்பு. "இது இருந்தா மீன் குழம்புக்குப் புளியே வேண்டாம் தம்பி" என்பார் அண்ணி. கடற்கரை ஊரில் பிறந்தவர். கல்யாணமாகிக் குடவாசல் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தபோது, தன் அம்மா வீட்டுக் கொல்லையிலிருந்து அந்த விதையைக் கொண்டுவந்தார். பிறகு அம்மாவும் போய், அந்த வீடும் கைமாறிவிட்டது. நர்ஸ் வேலை பார்த்த அண்ணி, டியூட்டி முடிந்து வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் செடிகளைத்தான் முதலில் போய்ப் பார்ப்பார்.

புயலன்று ஊரில் இருந்த நான், பிறகு சீர்காழிக்கு வேலைக்குத் திரும்பிவிட்டேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மறுபடி ஊருக்கு வந்தவன், குடில் கட்டப் புல் அறுக்கலாமென்று மாதா கோயில் சமையல்கூடத்தின் பின்பக்கம் போனேன். மேடான இடம், அங்கே தண்ணீர் ஏறியிருக்கவில்லை. குப்பை கொட்டும் மூலையில் கூட்டமாகத் தக்காளி நாற்று! கோயிலில் நடந்த ஈஸ்டர் விருந்துக்கு அண்ணி ஒரு கூடை பழம் கொடுத்தது சட்டென்று நினைவுக்கு வந்தது. அன்று குப்பையில் விழுந்த விதை மழைக்கு முளைத்திருக்கலாம். புல்லை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அண்ணி செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கிவிட்டார்.

சமையல்கார அக்கா மட்டும் சந்தேகப்பட்டார். "அன்னைக்குக் கடைத் தக்காளியும் நிறைய வாங்குனோம்மா. அதுவாத்தான் இருக்கும்."

"இருந்தா இருக்கட்டும். காய்ச்சாத் தெரிஞ்சிடப் போவுது" என்றார் அண்ணி. ஆனால் ஒரு வேர்கூட அறாமல் ஒவ்வொரு நாற்றையும் மண்ணோடு பெயர்த்தெடுத்தார்.

பழைய பெயிண்ட் வாளிகளில் நட்டு மொட்டை மாடியில் ஏற்றினோம். அதன்பிறகு தினமும் போனில் தக்காளிப் பேச்சுதான். பூ விட்டது. பிஞ்சு வந்தது. வந்த பிஞ்செல்லாம் கோலிக்குண்டு போல வழவழவென்று உருண்டையாக இருந்தன. எல்லாம் கடைத் தக்காளி. அண்ணியின் குரல் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியாகப் பூத்த, நோஞ்சானான ஒரு செடிதான் பாக்கி. நான் அதைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டேன்.

ஒரு மத்தியானம் ஆபீசில் இருக்கும்போது வீடியோ அழைப்பு வந்தது. திரை முழுக்க ஒரு பச்சைப் பிஞ்சு. "தம்பி, பாருங்க! மடிப்பு! மடிப்பு விழுந்திருக்கு!" பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்கு நானும் கத்திவிட்டேன்.

அணிலுக்குப் பயந்து கொசுவலையைச் சுற்றிக் கட்டினார் அண்ணி. முதல் பழம் விதைக்குத்தான், யாரும் கைவைக்கக் கூடாது என்று அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார். பழுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் வந்து சேர்ந்தேன். டியூட்டிக்குப் புறப்பட்டு வெள்ளை யூனிஃபார்மில் இருந்த அண்ணி, வலையை அவிழ்த்துப் பழத்தைப் பறித்தார். வெயிலில் அது கதகதவென்று இருந்தது போலும், கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். கிண்ணம் எடுத்துவர நான் திரும்பினேன். அதற்குள் ஒரே கடி! சாறு மோவாயில் வழிந்து யூனிஃபார்மெல்லாம் சிவப்பு.

"அண்ணி, விதை!" என்று அலறினேன்.

அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தபடி இடது உள்ளங்கையைக் குவித்து நீட்டினார். அதில் சாறோடு மஞ்சள் விதைகள்.

"துப்பிட்டேன் தம்பி, ஒண்ணுகூட முழுங்கல" என்று சொல்லி மீதிப் பழத்தை என் கையில் வைத்தார். "சாப்பிடுங்க. நீங்களும் பாத்துத் துப்பணும்!"