நிலவில் இறங்கப் பேரையூர் போனது

காலை 7.20. திருப்பரங்குன்றம் பேருந்து நிறுத்தம். இன்று எனக்கு இரண்டு பயணம். ஒன்று, இங்கிருந்து பேரையூருக்கு நாற்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். இன்னொன்று, அங்கே ஒரு பழைய கணினிக்குள் ஐந்து வருடமாக நின்றுபோயிருக்கும் விண்கலத்தை நிலவில் இறக்குவது. அது மேலிருந்து கீழே நூறு கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்தவன் இதற்காகவா கிளம்புகிறான் என்று வீட்டில் சிரிப்பார்கள். அதனால் நண்பனைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் இருந்த விளையாட்டு அது. சுடுவதற்கு எதிரி கிடையாது, புள்ளி கிடையாது. நிஜ விண்கலத்தை ஓட்டுவது போல உயரம், வேகம், எரிபொருள் என்று எண்களைப் பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டும். பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும், எங்களுக்குச் சோறு தண்ணி மறந்துபோகும். என்னோடு கல்லூரியில் படித்த முருகேசன் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை வாசிப்பான். விசைப்பலகை என்னிடம் இருக்கும். 2003இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் நிலவைச் சுற்ற ஆரம்பித்தோம். இறங்குவதற்கு முன் பரோட்டா தின்னலாம் என்று விளையாட்டைச் சேமித்து வைத்துவிட்டு, என் பைக்கில் கல்லுப்பட்டிக்குக் கிளம்பினோம்.

ஓட்டியவன் நான். எழுபதில் போய்க்கொண்டே ஒரு கையை எடுத்து, இறங்கும்போது கலத்தை எப்படிப் புரட்ட வேண்டும் என்று பின்னால் திரும்பி அவனுக்குக் காட்டினேன். சாலை வளைந்தது, நான் வளையவில்லை. எனக்கு ஏழு தையல். முருகேசனுக்குக் கழுத்தெலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. ஆடு குறுக்கே வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். ஆடும் வரவில்லை, மாடும் வரவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. முதல் மாதம் மூன்று தடவை போய்ப் பார்த்தேன். பிறகு வேலை கிடைத்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

போன வாரம் அவன் தங்கை செல்வி போன் போட்டு அவன் காதில் வைத்திருக்கிறாள். "மாப்ள, கப்பல் இன்னும் மேலதான் கெடக்கு. லீவுல வந்து எறக்கிக் குடுத்துட்டுப் போடா" என்றான்.

8.10. திருமங்கலம். பேரையூர் வண்டிக்கு ஒன்பது ரூபாய் டிக்கெட். பக்கத்து இருக்கைக்காரர் மடியில் பழுது பார்த்த மேசை விசிறி ஒன்றைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். யார் வீட்டுக்கு என்று கேட்டார். சொன்னேன்.

"ஆடு குறுக்க விழுந்து படுத்த படுக்கையாக் கெடக்கே, அந்தப் பிள்ளையா?"

"ஆமாண்ணே."

"அது கருப்பையா ஆடுதான் தம்பி. அந்தப் பிள்ளைக்குச் சொந்தத் தாய்மாமன். அந்த வளைவுல அவரு ஒருத்தருதான் மேய்ப்பாரு. என் ஆடு ரோட்டுக்கே வரலன்னு சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணாரு. கூடப் பொறந்த தங்கச்சி நம்பல. அம்புட்டு ஆட்டையும் வித்துட்டு இப்ப கூலிக்குப் போறாரு மனுசன். அஞ்சு வருசமா பேச்சு வார்த்தை இல்ல. ஆவணில அந்தப் பிள்ளையோட தங்கச்சிக்குக் கல்யாணம். தாய்மாமனுக்குப் பத்திரிகை வைக்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிது அந்தம்மா."

நான் சொன்ன ஆட்டுக்கு உரிமையாளர் ஒருவர் இருப்பார் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. விசிறிக்காரர் பேசிக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கல்லுப்பட்டி தாண்டியதும் கரிசலும் கருவேலமும்தான். நாங்கள் விழுந்த வளைவு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். அதைப் பார்க்கக்கூடத் தைரியம் இல்லை.

9.15. பேரையூர். முருகேசனின் அம்மா வாசலுக்கே வந்தார். "வாங்க தம்பி. இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்?" என்று கேட்டுவிட்டு, நான் வேண்டாம் என்று சொல்லியும் கடைக்குப் போய்க் கலர் சோடா வாங்கி வந்தார். செல்வி மில் வேலைக்குப் போயிருந்தாள்.

அறையில் டெட்டால் வாசனை. முருகேசனின் முகம் மட்டும்தான் அவனாக இருந்தது. கட்டிலை ஒட்டி அந்தக் கணினி, மேலே பழைய சேலைத் துணி போர்த்தியிருந்தது.

"பன்னண்டு மணிக்குக் கரண்ட் புடுங்கிருவான். பேசிட்டு நிக்காத, போடு" என்றான்.

10.05. சேமித்திருந்த பயணம் திறந்தது. விட்ட நொடியிலிருந்தே கடிகாரம் ஓட ஆரம்பித்தது. அதே நிலா, அதே எரிபொருள் அளவு. எனக்குத்தான் ஒன்றும் நினைவில் இல்லை. எந்த விசை எதற்கு என்று தடவினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"எப்படிடா?"

"தெனமும் எறக்கிப் பாக்குறேன்ல, மனசுக்குள்ள. வேற என்ன சோலி?"

சுற்றுப்பாதையைத் தாழ்த்தினோம். வாலை முன்னே திருப்பி வேகத்தைக் குறைத்தோம். பதினொன்றரைக்கு உயரம் பதினைந்து கிலோமீட்டர். அவன் தலையைச் சாய்த்து எண்களை வாசித்துக்கொண்டே வந்தான். கொஞ்ச நேரம் இரண்டு பேருக்கும் இருபது வயதாக இருந்தது. பிறகு அவன் கால் போர்வைக்குள் தானாக ஒருமுறை வெட்டியது. நான் அதைப் பார்த்தேன்.

"ரெண்டாயிரம் மீட்டர்! கீழ் எஞ்சின், மாப்ள, கீழ் எஞ்சின்!"

கலத்தைத் தாங்கிப் பிடிக்கும் கீழ் எஞ்சினுக்குப் பதில் நான் பின் எஞ்சினை அழுத்தினேன். 11.48க்குக் கலம் நிலவில் மோதியது. திரை அசையாமல் நின்றது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. விழுந்தால் ஓட்டியவன் நோட்டில் ஒரே வரியில் காரணம் எழுத வேண்டும். மிஷின் மேல் பழி போடக் கூடாது. மேசைக்கடியில் அந்த நோட்டு இருந்தது. 'பார்வை எண்களில் இல்லை' என்று எழுதினேன்.

"இன்னொண்ணு எழுதாம நிக்கிதே" என்றான் முருகேசன்.

பைக் விழுந்ததைச் சொல்கிறான் என்று தெரிந்தது. கரண்ட் போய் விசிறி நின்றது. சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நன்றாகக் கேட்டது.

"ஆடு வரலன்னு அம்மாகிட்ட நான் நூறு தடவ சொல்லிட்டேன்டா. 'நீதான் பேச்சு மூச்சில்லாமக் கெடந்தியே, மாமனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வராத'ங்குது அம்மா. வண்டிய ஓட்டுனவன் வாயால வந்தாத்தான் நம்பும். எழுது. எழுதிட்டு அம்மாவக் கூப்புட்டு வாசி."

எழுதினேன். இரண்டு தடவை அடித்துத் திருத்தினேன். அம்மா ஈரக்கையோடு வந்து நின்றார். வாசித்தேன்: "எழுபதில் போகும்போது ஒரு கையை விட்டுப் பின்னால் திரும்பிப் பேசினேன். வளைவைப் பார்க்கவில்லை. ஆடு வரவில்லை."

"ஆடே வரலையா?"

"வரலம்மா."

"ஒரு ஆடுகூட?"

"இல்லம்மா."

அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று காத்திருந்தேன். அதை வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணியாச்சு. புண்ணு வைக்காம இருக்க ரெண்டு மணிக்கொருக்கத் திருப்பிப் போடணும். செல்வி இல்ல. அந்தக் காலைப் பிடிங்க."

பிடித்தேன். ஐந்து வருடத்தில் முதல் தடவை. இரண்டு காலும் சேர்ந்து ஒரு பை அரிசி கனம்கூட இல்லை. அழுதுவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்து, முந்தானையில் கையைத் துடைத்தார். பிறகு செருப்பைப் போட்டார்.

"எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். நான் திரும்பி வாரப்ப நீங்க இங்க இருக்கக் கூடாது தம்பி. இனிமேலும் வரக் கூடாது."

அவர் போன பிறகு முருகேசன் சுவரைப் பார்த்துக் கிடந்தான். நாங்கள் அப்படித்தான் திருப்பிப் போட்டிருந்தோம்.

"இப்புடித்தான் சொல்லும்னு தெரியும் மாப்ள. தெரிஞ்சுதான் கூப்புட்டேன்."

"அப்பக் கப்பல இனி யாரு எறக்குவா?"

"அதுக்கு வேற ஆளு இல்லடா. ஆனா மாமன் இல்லாமச் செல்வி கல்யாணம் நடக்காதுல்ல. நீ கெளம்பு."

12.50. பேருந்து நிலையம். ஒரு பெட்டிக்கடைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். அம்மா வெயிலில் நடந்து வந்தார். நாலடி பின்னால், மண்கறை படிந்த வேட்டியோடு ஒருவர். கருப்பையா மாமாவாகத்தான் இருக்க வேண்டும். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தெரு திரும்பும் இடத்தில் அம்மா நின்றார். அண்ணன் பக்கத்தில் வரும் வரை நின்றுவிட்டு, பிறகு சேர்ந்து நடந்தார்கள்.

திருமங்கலம் வண்டியில் இடம் கிடைத்தது. பெங்களூரில் என் கணினி முருகேசனுடையதைவிடப் பத்து மடங்கு வேகம். அதில் எண் வாசிக்க ஆள் கிடையாது. வளைவு வந்தபோது இந்த முறை கண்ணை மூடவில்லை. மணியைப் பார்த்தேன். இரண்டாகப் போகிறது. அவனைத் திருப்பிப் போடும் நேரம். இன்றைக்குக் காலைப் பிடிக்க மாமா இருப்பார்.