கசக்காத காகிதம்

"ஆராய்ச்சின்னு இந்த மலைக்கு வந்தவிங்க எல்லாம் எதையாச்சும் எடுத்துக்கிட்டுத்தான் போயிருக்காங்க. நீ படிச்சுப்போட்டு வந்து எதை எடுக்கப் போற கண்ணு?"

எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு மேலே ஆராய்ச்சிப் படிப்பில் சேரப் போகிறேன் என்று சொல்லப் போன அன்று பெரியப்பா இப்படிக் கேட்டார். காயப் போட்டிருந்த காப்பிக் கொட்டையைக் காலால் கிளறிவிட்டபடியே கேட்டார். குரலில் கோபம் இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதில் எனக்கிருக்கும் கர்வத்தை நான் மறைத்துக்கொள்வதில்லை. யார் எது கேட்டாலும் பதில் வைத்திருப்பேன். அன்று நானும் குனிந்து கொட்டையைக் கிளறினேன். அவர் யாரை நினைத்துக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும்.

நான் நாலாம் வகுப்புச் சிறுமியாக இருந்த காலத்தில் எங்கள் மலைக்கு ஆராய்ச்சிக்காரர்கள் அடிக்கடி வந்தார்கள். ஏற்காட்டு மலையில் தலைச்சோலையைத் தாண்டி மேலே ஏறினால் எங்கள் ஊர். ராகியும் சாமையும் கொஞ்சம் காப்பியும் தவிர அங்கே என்ன இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது. வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் செடிகளை வேரோடு பிடுங்கிப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே பரப்பி, இரண்டு மரச்சட்டங்களுக்கிடையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனார். இன்னொருவர் சுத்தியலால் பாறையை உடைத்து, சிதறிய சில்லை எடுத்து நாக்கால் நக்கிப் பார்த்தார். அதைப் பார்த்துவிட்டு நாங்கள் பிள்ளைகள் எல்லாம் கொஞ்ச நாள் கண்ணில் பட்ட கல்லையெல்லாம் நக்கிக்கொண்டு திரிந்தோம். எந்தக் கல்லிலும் ருசி இல்லை. அந்த ஐயாவுக்கு மட்டும் என்ன கிடைத்தது என்பது எங்களுக்குப் பெரிய விசாரமாக இருந்தது.

இவர்கள் எல்லோரும் ஒரே ஆபீஸ் ஆட்கள் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. பெரியப்பாதான் அதற்கு விளக்கம் சொல்வார். பாரஸ்டில் காவலுக்கு வரும் கார்டு வேறு, அவருக்கு மேலே இருக்கும் ரேஞ்சர் வேறு. ஆனால் கார்டு காதில் விழுந்தது ரேஞ்சருக்குப் போகாமல் இருக்கிறதா? அதுபோலத்தான் இதுவும். இந்த நியாயத்தை யாரும் மறுக்கவில்லை. வெட்டிய விறகுக்கு அபராதம் கட்டிய அனுபவம் எல்லோருக்கும் இருந்தது.

ஒரு தை மாதம், காப்பிப் பழம் பறிப்பு முடியும் சமயம், ரத்தம் எடுப்பவர்கள் வந்தார்கள். எல்லோரும் ஊரிலேயே இருக்க வேண்டும் என்று எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் முந்தின நாளே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வேன் ஏற முடியாத பாதையில் மேசையையும் ஐஸ் பெட்டியையும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து பலாமரத்தடியில் வைத்தார்கள். வளைந்த இடுக்கி ஒன்றால் எங்கள் தலையை அளந்தார்கள். வண்ணப் புள்ளிகள் நிறைந்த அட்டையைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். எண் தெரியாத பெரியவர்கள் விரலால் கோடிழுத்துக் காட்டினார்கள். என் முறை வந்தபோது நான் அத்தனை அட்டைகளையும் உரக்கப் படித்தேன். வந்தவர்களில் மூத்தவர் 'வெரி குட்' என்றார். அன்று நடந்ததில் எனக்கு முக்கியமாகப் பட்டது அது ஒன்றுதான்.

அதன் பிறகு ஊசி போட்டு ரத்தம் எடுத்து, சின்னச் சின்னக் குழாய்களில் அடைத்து, எண் எழுதி ஒட்டினார்கள். கடைசியாக ஒவ்வொருவர் நாக்கிலும் ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தை வைத்தார்கள். எனக்குக் கசப்பு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. துப்பிவிட்டேன். காகிதம் வைத்தவர் சிரித்துக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டார்.

அது என்ன என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. உடம்பைப் பார்த்துவிட்டு நாக்கில் கசப்பை வைத்தால் அது மருந்துதான், வேறென்ன?

எங்கள் வீட்டில் மருந்து வேண்டியிருந்தது அக்காவுக்கு. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். எஸ்டேட்டில் பழம் பறிக்கப் போய்க்கொண்டிருந்தவள், அந்த வருஷம் மேட்டில் ஏறும்போது பாதியிலேயே உட்கார ஆரம்பித்தாள். நகமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. சோம்பேறி என்று கங்காணி திட்டுவதை அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்தாலும் மூச்சு வாங்கும்.

அவள் நாக்கில் காகிதத்தை வைத்தபோது அவள் முகம் மாறவில்லை.

"கசக்கலைங்க. வெறும் காகிதம் மாதிரித்தானுங்க இருக்குது" என்றாள்.

இன்னொரு துண்டு வைத்துப் பார்த்தார்கள். அதுவும் கசக்கவில்லை. அவர்களுக்கு ஏனோ அதில் ஒரு சந்தோஷம். அம்மா பயந்துவிட்டாள். எல்லாருக்கும் கசக்கிற மருந்து இவளுக்கு மட்டும் கசக்காதது ஏன் என்று வீடு வந்து சேரும் வரை அவளையே கேட்டுக்கொண்டு வந்தாள். அப்பா கவலைப்படவில்லை. அதற்காகத்தானே ரத்தம் எடுத்துப் போயிருக்கிறார்கள், பார்த்துவிட்டு இவளுக்கென்று தனி மருந்தோடு வருவார்கள் என்றார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு எங்கள் மலையில் இருந்த ஒரு முறையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து மருந்துக்காரர் நோயாளியைப் பார்த்த உடனே மருந்து தந்துவிட மாட்டார். நாடி பார்ப்பார், நாக்கில் எதையாவது தடவுவார், போய்விடுவார். காட்டுக்குள் போய் வேர் தோண்டி, காய வைத்து, இடித்து, அவருக்குத் தோன்றுகிற நாளில்தான் திரும்பி வருவார். அவர் வரும்வரை நோயாளி அவர் கையில் இருக்கிறார் என்று கணக்கு. நடுவில் வேறு ஒருவர் கை பட்டால் மருந்து முறிந்துவிடும். அதனால் காத்திருப்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான். பொறுமையில்லாமல் கை மாற்றிச் செத்துப்போனவர்களின் கதைகள் எல்லா வீட்டிலும் இருந்தன. பொறுமையாகக் காத்திருந்து செத்துப்போனவர்களைப் பற்றி யாரும் கதை சொல்லவில்லை.

மாசி பிறந்தபோது அக்காவின் கால் வீங்கியது. அம்மா பிடிவாதம் பிடித்ததால் மருந்துக்காரரைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் வாசல் வரை வந்து, யார் பார்த்தது என்று விசாரித்தார். ரத்தம் எடுத்தவர்கள், நாக்கில் காகிதம் வைத்தவர்கள் என்று அப்பா சொன்னதும் அவர் செருப்பைக் கழற்றாமலே நின்றுவிட்டார்.

"அவிங்க கை வெச்சாச்சு. நா இப்பத் தொட்டா ரெண்டு மருந்தும் கெட்டுப் போவும்" என்றார். அவர் நேர்மையான மனுஷர். வெற்றிலை பாக்குக்கூட வாங்காமல் இறங்கிப் போனார்.

ஏற்காட்டுக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். பெரியப்பா ஒப்பவில்லை. ரத்தம் போயிருப்பது அதைவிடப் பெரிய இடத்துக்கு, சின்ன இடத்தில் காட்டிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். அப்பா இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுப் பெரியப்பா பக்கம் சாய்ந்தார்.

அந்த மாதமே செடிக்காரர் மறுபடியும் வந்தார். மருந்து எப்போது வரும் என்று கேட்கச் சொல்லி அப்பா என்னைத் தள்ளிவிட்டார். படித்த பிள்ளை கேட்டால்தான் மரியாதை என்பது அவர் எண்ணம். நான் பாடப் புத்தகத்துத் தமிழில் கேட்டேன். அவர் நல்லவர். கல்லில் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொன்னார். ஒரு செடியைக் கண்டுபிடித்து, அதில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்து, அது மருந்தாகி வெளியே வரப் பல வருஷம் ஆகும் என்றார். சித்திரைக்குள் வந்துவிடுமா என்று அப்பா கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே என் தலையைத் தடவினார். மருந்து தயாராகிக்கொண்டிருக்கிறது என்ற சேதியோடு நாங்கள் வீட்டுக்கு வந்தோம்.

பங்குனியில் பாட்டுக்காரம்மா வந்தார். நாங்கள் வைத்த பெயர் அது. டேப் ரிக்கார்டர் வைத்துக்கொண்டு பெண்களைப் பாடச் சொல்லிக் கேட்பார். காஞ்சிவரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் புறப்பட்டு வந்து ஆளுக்கொரு மலை ஏறிய கதை எங்கள் சனத்திடம் பாட்டாக இருக்கிறது. நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. அம்மா அதை நன்றாகப் பாடுவாள் என்று யாரோ சொல்ல, எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே கம்பளியில் கிடந்த அக்காவைப் பார்த்தார். டேப் ரிக்கார்டர் பெட்டியைத் திறக்கவில்லை. எவ்வளவு நாளாக இப்படி, யாரிடம் காட்டினீர்கள் என்று கேட்டார். அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, உங்கள் ஆபீஸில் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பச் சொல்லுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்த அம்மாவுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

"அவங்க மருந்து கொண்டுவர மாட்டாங்க. அவங்க நோய் பாக்கறவங்களே இல்லைங்க. உங்க சனம் எங்கிருந்து வந்துச்சுன்னு ரத்தத்தை வச்சுக் கண்டுபிடிக்கறவங்க."

அப்பா கும்பிட்ட கையை இறக்கினார். பிறகு கேட்டார்:

"எங்கிருந்து வந்தோம்னு கேட்டிருந்தா நாங்களே சொல்லியிருப்பமுங்களே, காஞ்சிவரம்னு. அதுக்கு எதுக்குங்க புள்ள ரத்தம்?"

அந்த அம்மா பெட்டியை ஓரமாக வைத்தார். எழுந்து போய் ஆட்களைக் கூப்பிட்டார். கம்பளியை மூங்கிலில் தூளி போலக் கட்டி அக்காவை மஞ்சக்குட்டை வரை தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு ஜீப் கிடைத்தது. குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அக்காவின் தலை அம்மா மடியிலிருந்து சரிந்தது. ஜீப்பில் ஏறுவது இதுதான் எனக்கு முதல் தடவை என்பதை நான் இரண்டு மூன்று முறை சத்தமாகச் சொன்னேன். யாரும் என்னை அதட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். அக்காவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தவர், உடம்பில் ரத்தமே இல்லை, உடனே ஏற்ற வேண்டும், உங்களில் யார் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். பாட்டுக்காரம்மா அப்போது சீட்டு வாங்கப் போயிருந்தார். அப்பா ஒரு அடி முன்னால் வந்து சொன்னார்:

"குடுத்தாச்சுங்களே. தை மாசமே எங்க ஊட்டு ரத்தம் அத்தனையும் குடுத்துட்டமுங்க. இவ ரத்தமே உங்ககிட்ட இருக்குது. அதை எடுத்து ஏத்துங்க சாமி."

ரத்தம் கொடுக்கப் பயந்து சாக்குச் சொல்கிறவர்களைத் தினமும் பார்க்கும் டாக்டர் அவர். அப்பாவையும் அப்படித்தான் நினைத்தார். பெற்ற பிள்ளைக்கே கொடுக்க மாட்டாயா என்று கடிந்துகொண்டார். அப்பா மறுபடியும் அதையே இன்னும் பணிவாகச் சொன்னார். பாட்டுக்காரம்மா திரும்பி வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்று விளக்க வேண்டியிருந்தது. விளங்கியதும் அப்பா இரண்டு கையையும் நீட்டினார். அவருடையது சேரவில்லை. அம்மாவுடையது சேர்ந்தது. ரத்த பாட்டில் தொங்கியது. பாதி இறங்குவதற்குள் அக்கா போய்விட்டாள்.

நான் வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த டாக்டர்மேல்தான் கோபம் வந்தது. அப்பா சொன்னதில் என்ன தவறு? அக்காவின் ரத்தத்தைக் குழாயில் அடைத்து எண் ஒட்டியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணைப் படித்தும் இருக்கிறேன். ஐஸ் பெட்டியில் பத்திரமாக இருக்கும் அதை எடுத்துவர ஒரு ஆளை அனுப்பினால் போதுமே, ஒரே ஆபீஸில் இதுகூடச் செய்ய மாட்டார்களா என்று நினைத்தேன். அவளைப் புதைத்துவிட்டு வந்த பிறகும் பல நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆபீஸ் ஒன்றல்ல என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. பாட்டுக்குள் தேடியவரும் ரத்தத்துக்குள் தேடியவர்களும் கேட்டது ஒரே கேள்வி என்பதும், அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தது கூட இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்தக் காகிதம் என்ன என்றும் படித்தேன். சிலர் நாக்குக்கு அந்தக் கசப்பு தெரியாது. பிறப்பிலேயே அப்படி; ஒரு சனத்தில் அப்படி எத்தனை பேர் என்று எண்ணுவதும் மூலத்தைத் தேடும் ஒரு வழி. அது நோயும் இல்லை, குறையும் இல்லை. அந்தப் பக்கத்தைப் படித்த அன்று நான் விடுதிச் சாப்பாட்டு மணி அடித்தும் போகவில்லை. வந்தவர்கள் யாரும் எங்களிடம் பொய் சொல்லவில்லை. கல்லை நக்கியவர்கூட அவர் கேள்விக்கு உண்மையான பதிலைத்தான் தேடினார். இந்தப் பெண் ஏன் வெளுத்திருக்கிறாள் என்பது மட்டும் அவர்களில் ஒருவருடைய கேள்வியாகவும் இல்லை.

அதை என் கேள்வியாக வைத்து ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டேன். மலைப் பெண்களின் ரத்த சோகை. போன மாதம், ஆராய்ச்சிக்கான முதல் ஊருக்குப் போனேன். எங்கள் ஊரிலிருந்து இரண்டு மேடு தள்ளி இருக்கிறது. ஐஸ் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் பெண்களை உட்கார வைத்து, நான் மருந்து கொண்டுவந்தவள் இல்லை, இந்த ரத்தத்துக்குப் பதிலாக எதுவும் வராது, முடியாதவர்கள் எனக்காகக் காத்திருக்கக் கூடாது என்று எங்கள் பேச்சிலேயே சொன்னேன். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். நான் தடுக்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்களின் இமையை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒருத்திக்கு இமை வெள்ளைத் துணியாக இருந்தது. பெட்டியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு, மத்தியானப் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு சேலத்து ஆஸ்பத்திரிக்கு இறங்கினேன்.