சித்தியின் முட்டிச்சில்லு

சித்தி வந்த நாளிலிருந்தே எனக்கு அவள்மேல் சந்தேகம்தான். அம்மாவின் தங்கை அவள், சாஆ என்கிற ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வலது முழங்காலில் கட்டோடு கூலாய் டவுனிலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்தவள், நேராக என் கட்டிலில் படுத்துக்கொண்டாள். எனக்குக் கூடத்தில் பாய். பத்து வயதுப் பெண்ணுக்கு ஒருவரைச் சந்தேகிக்க இதற்குமேல் என்ன வேண்டும்?

முட்டிச்சில்லு நழுவிவிட்டதாம். சில்லு எப்படி நழுவும், அது என்ன சோப்பா என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். அங்கே பிசியோ அக்கா என்னை உட்காரவைத்து, என் காலையே நீட்டிக் காட்டினார். தளர்த்திப் பிடித்தபோது சில்லு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. மடக்கியதும் அசையாமல் நின்றுவிட்டது.

"தொடை எலும்பு முனையில ஒரு பள்ளம் இருக்கு. உங்க வீட்டு முன்னாடி தண்ணி ஓடுற லோங்காங் மாதிரி. கால மடக்குனா சில்லு அதுக்குள்ள எறங்கி ஓடும். உங்க சித்திக்கு லோங்காங் ஆழம் பத்தல. அதான் வெளிய வந்துடுது."

சித்தியிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு உடம்பை உள்பக்கமாகத் திருப்பவே கூடாது. திருப்பினால் சில்லு வெளியே வந்துவிடும், உயிர் போகிற வலி வலிக்கும். முதல் தடவை எப்படி ஆனது என்றும் கேட்டார். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றாள் சித்தி. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் என் துப்பறியும் வேலை சூடுபிடித்தது. சாஆவிலிருந்து போன் வந்தால் சித்திக்கு முட்டி வலிக்கும். போனை வைத்த கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். ஒருநாள் பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்தபோது, பின்பக்கக் குழாயடியில் நன்றாகக் குந்தி உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி எழுந்தாள். முழு நடிப்பு என்று முடிவுகட்டிவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். "ஒன் வேலையப் பாரு" என்றாள். அம்மாவும் கூட்டு என்று தெரிந்துபோனது.

பொங்கலுக்கு முந்தின வாரம் சித்தப்பாவும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். தட்டில் பழம், பூ, ஒரு மஞ்சள் சேலை. மருமகள் கையால்தான் பொங்கப்பானை வைக்க வேண்டுமாம், கையோடு கூட்டிப்போக வந்திருந்தார்கள். அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தார். சித்தி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் முட்டி மடக்க முடியலங்க அத்தை" என்றாள் அம்மா.

"மடக்க முடியாதவ போன வாரம் பசார்ல நடந்து போனாளாமே, எங்க ஆளுங்க பாத்தாங்க." அந்த அம்மாளுக்கும் என்னைப் போலவே சந்தேகம். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. "எழுந்திரிம்மா. சாமி படத்துக்கு முன்னால விழுந்து கும்புட்டுட்டு கெளம்பு."

 சித்தப்பா கார்ச்சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சித்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சித்தி எழுந்தாள். "வரேன் அத்தை" என்றாள். இப்போது மாட்டிக்கொள்வாள் என்று நான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். சாமி படத்தின் முன் நின்று கைகூப்பினாள். ஒரு தரம் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பிறகு வலது பாதத்தை வெளிப்பக்கம் பார்க்க நன்றாக ஊன்றி, முட்டியை லேசாக மடக்கி, உடம்பை உள்பக்கமாக வெடுக்கென்று திருப்பினாள்.

சத்தம் எனக்குக் கேட்டது. சித்தி விழுந்துவிட்டாள், சேலை முட்டிக்கு மேலே ஏறியிருந்தது. சில்லு முட்டியின் வெளிப்பக்கத்தில் ஒரு கட்டியாகத் துருத்திக்கொண்டு நின்றது. அது இருக்க வேண்டிய இடம் குழிந்துபோயிருந்தது. சித்தப்பா வாசல்வரை பின்வாங்கிவிட்டார். அம்மா குதிகாலைத் தாங்கி மெதுவாக நீட்டிவிட, அது தானாக நகர்ந்து பள்ளத்துக்குள் போனது. சித்தி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இத வச்சி நாங்க என்ன பண்றது" என்றார் சித்தப்பாவின் அம்மா. தட்டிலிருந்த பழத்தை விட்டுவிட்டு, மஞ்சள் சேலையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர்கள் திரும்ப வரவே இல்லை.

எனக்கு அவமானமாக இருந்தது. அவ்வளவு நாளும் நான் சந்தேகப்பட்ட சித்தி பொய்யே சொல்லவில்லை. பரிகாரமாக என் தலையணையையும் அவளுக்கே கொடுத்துவிட்டு, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி முட்டியில் வைத்துப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே கொஞ்சம் கண்டிக்கவும் செய்தேன்.

"பிசியோ அக்கா அவ்வளவு சொன்னாங்கல்ல சித்தி. காலை ஊனிக்கிட்டுத் திரும்பக் கூடாதுன்னு. மறந்துட்டீங்களா?"

"ஆமாம்மா. மறந்துட்டேன்."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் அங்கேயே நின்றாள். கழுவுவதற்கு அங்கே எதுவும் இல்லை. நானோ சித்தியை நினைத்துச் சலித்துக்கொண்டேன். ஒரே ஒரு விஷயம் சொல்லி அனுப்பினார்கள், அதைக்கூட இவளால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியவில்லையே என்று.