முடித்த தேதி

பருவம் தொடங்கிய முதல் வாரமே முடிந்தும் விடும். மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பத்தொன்பது வருடமாகப் பழகிப்போன அதிசயம் இது. பாடத்திட்டத் தாளில் மூன்று கட்டங்கள்: பாடம், பிள்ளைகள் கற்பது, முடித்த தேதி. பருவத்துக்கு ஒரே ஒரு முறைதான், அதுவும் முதல் வாரத்திலேயே, தாள் மேலிடத்துக்குப் போகும். காலிக் கட்டம் இருந்தால் திரும்பி வரும். அதனால், நடத்தாத பாடத்துக்கும் முடித்த தேதியை முன்கூட்டியே எழுதிவிடுவார்கள். கூடவே, ஒவ்வொரு பிள்ளைக்கும் வாசிப்பில் ஒரு டிக்.

அந்த டிக்கில்தான் வினை. ‘ரேடியோ’ என்று வகுப்பே கூப்பிடும் ஒரு சிறுமி. எதையும் இரண்டு தரம் கேட்டால் மூன்றாம் தரம் பிசகாமல் ஒப்பிப்பாள். போன பருவக் கடைசியில் மழைப் பாடத்தை விரல் வைத்துக் கணீரென்று வாசித்தாள். டீச்சர் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தார். திறந்திருந்தது தவளைப் பாடம்.

ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பார்த்ததில், முப்பத்து நான்கு பேரில் பதினொரு பேருக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை. வாரம் இரண்டு நாள் வந்துகொண்டிருந்த வாசிப்பு ஆசிரியையோ அதற்கு முன்பே வேறு பள்ளிக்குப் போயிருந்தார். தாளில்தான் அத்தனை பேருக்கும் டிக் இருக்கிறதே! அந்தப் பிள்ளைகளின் கண்ணைத் தலைவிதி கட்டவில்லை, டீச்சரின் பேனா கட்டியது. அது அவருக்கே தெரியும்.

இந்தப் பருவம் பதினொரு கட்டங்களையும் காலியாக விட்டார். “வாசிப்பு ஆசிரியை மறுபடி தேவை” என்று அடியில் எழுதினார்.

தலைமையாசிரியர் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “என்னம்மா இது? பதினொரு பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு!”

“உள்ளதத்தான் சார் எழுதியிருக்கேன்.”

“உள்ளத எழுதுறதுக்கா இந்தத் தாளு? சரி, அனுப்புறேன். அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது.”

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. போன பருவம் வாசித்த பதினொரு பேர் இந்தப் பருவம் வாசிக்க முடியாமல் போனது எப்படி? வகுப்பாசிரியை விளக்கம் தர வேண்டும். இல்லையேல் திருத்திய தாள் வர வேண்டும். வாசிப்பு ஆசிரியையைப் பற்றி ஒரு வரி இல்லை.

“போன தடவ போட்டது பொய்னு எழுதிக் கொடுத்துடுறேன் சார்.”

“தாராளமா எழுதுங்க. உங்களத் தூக்கி எங்கயாவது போடுவாங்க. பதிலுக்கு ஆள் வராது. உங்க முப்பத்து நாலு பேரையும் நாலாம் கிளாஸ்ல அடைக்கணும். அங்க ஏற்கெனவே நாப்பது பேரு. உங்க ரேடியோ எந்த மூலைல உக்காரும்னு நீங்களே சொல்லுங்க.”

டீச்சர் புதுத் தாள் வாங்கிப் பதினொரு டிக்கையும் போட்டார். பேனா ஓரிடத்திலும் தயங்கவில்லை. அதுதான் அவருக்கு அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கையெழுத்துப் போடும் நாள். ஒவ்வொருவருக்கும், பிள்ளைகள் முன்னாலேயே, டீச்சர் தாளை வாசித்துக் காட்டினார். ஏழாவதாக ரேடியோவின் அம்மா வந்தாள். சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள், அரை நாள் அனுமதி கேட்டு ஓடி வந்திருந்தாள்.

“என்ன எழுதியிருக்கு டீச்சர்? நமக்கு அதெல்லாம் ஏறல.”

“நான் படிக்கிறேம்மா!” என்று மகள் தாளைப் பிடுங்கினாள். “மொழி. ஒரு பத்தியைத் தானே வாசித்துப் பொருள் சொல்வர். கணக்கு. மூன்று இலக்க எண்களைப் பெருக்குவர். அறிவியல். விதை முளைப்பதைக் கவனித்துக் குறிப்பெடுப்பர். சமூக அறிவியல். தங்கள் தெருவை வரைபடமாக வரைவர்.”

வாய் தெருவுக்குப் போய்விட்டது. விரல் இன்னும் மொழியிலேயே நின்றது.

அம்மாவுக்கு முகமெல்லாம் பல். “எங்க வீட்லயே எழுத்து தெரிஞ்ச மொத ஆளு இவதான் டீச்சர். அப்ப எம் பொண்ணு தேறிட்டாளா?”

டீச்சர் சிறுமியின் கையிலிருந்து தாளை வாங்கி மேசைமேல் வைத்தார்.

“இங்க போடுங்கம்மா” என்று கையெழுத்துக் கட்டத்தைக் காட்டினார்.