புகை படாத சுவர்

தரணிதரன் விசேஷத்துக்கு வருகிறார் என்றாலே எங்கள் அருவங்காடு ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் பலருக்கும் கவலைதான். ஊரெல்லாம் சுவர்க்கடிகாரமும் ஹாட்பாக்ஸும் கொடுக்கும்போது, இவர் மட்டும் தான் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி, பிரேம் போட்டு, பழைய வேட்டியில் சுற்றி எடுத்து வருவார். அதுவும் கறுப்பு வெள்ளை. அதிலும் முக்கால்வாசி பனிமூட்டம்.

"கலர் தீந்துபோச்சுங்களா?" என்று நானே கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொள்வார். ஃபாக்டரியில் ஸ்டோர்ஸ் கிளார்க். ஞாயிறானால் கேமராவும் கையுமாக மலையேறிவிடுவார். சாம்பல் நிறம் சரியாக வரவில்லை என்று ஒரே படத்துக்காகக் கோயம்புத்தூருக்கு மூன்று தடவை போய், பிரிண்ட் போடுகிறவர்களின் உயிரை எடுப்பார். இவ்வளவு பாடுபட்டதை ஏன் தூக்கிக் கொடுக்கிறீர்கள் என்றால், "என் ஊட்டுல இருந்தா நான் மட்டுந்தானுங்க பாப்பேன்" என்பார்.

என் மகள் காதுகுத்துக்கு வந்தது ஒரு தேயிலைச் சரிவு. பீரோவுக்குப் பின்னால் போட்டுவிட்டோம். அவர் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் மட்டும் என் மனைவி மகாலட்சுமி ஓடிப்போய்க் கடிகாரத்தைக் கழற்றிவிட்டுப் படத்தை மாட்டுவாள். பல வீடுகளில் இதே கூத்துதான்.

ஒரு நாள் அவர் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, சோபாவுக்கு அடியில் ஒளித்துவைத்த கடிகாரம் பாட்டுப் பாடி ஆறு அடித்தது. அவர் குனிந்து பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த தன் படத்தைப் பார்த்தார். "நேரமாச்சுங்க, கெளம்பறேன்" என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு அவரும் ஹாட்பாக்ஸ்தான் கொடுத்தார். கேமராவைத் தொடுவதே இல்லை என்று அவர் மனைவி மரகதம் சொன்னார். நாங்கள் திருந்தினோமா என்றால், இல்லை. கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒளித்தோம்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குச் சேரம்பாடி போன தரணிதரன், அங்கே எஸ்டேட் தொழிலாளர் லைனில் இசக்கி குடியிருந்த வீட்டை எட்டிப் பார்த்திருக்கிறார். இசக்கி எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். அவர் தினமும் வேலைக்கு ஏறிப்போன பாதையைப் படமெடுத்து, நாலு வருஷத்துக்கு முன்பு இவர் அவருக்கே கொடுத்திருந்தார். இப்போது கதவைத் திறந்தது வேறொரு பெண். இசக்கி ரிட்டயராகி மகள் வீட்டோடு போய்விட்டாராம்.

உள்ளே விறகடுப்புப் புகையில் சுவரெல்லாம் கறுத்துக் கிடந்தது. நடுவே, சரியாக ஒரு பிரேம் அளவுக்கு மட்டும் வெள்ளையாக இருந்தது.

"கட்டில், பாத்திரமெல்லாம் எங்களுக்கே குடுத்துட்டாங்க. இங்க ஒரு படம் இருந்துச்சு, அதை மட்டும் மடியில வச்சுக்கிட்டு ஜீப்புல ஏறுனாங்க" என்றாளாம் அந்தப் பெண்.

எங்கள் வீட்டில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது தரணிதரன் அந்த வெள்ளை இடத்தின் அளவை இரண்டு கைகளாலும் காட்டினார். "நாலு வருசமும் சொவுத்துலயே இருந்திருக்குதுங்க. நான் வருவேன்னு அவங்களுக்குத் தெரியாதுங்களே."

எனக்கு அவமானத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் தலைக்கு மேலே, பத்து நிமிஷத்துக்கு முன்னால் மாட்டிய படம்.

அவர் போனதும் படத்தைக் கழற்ற மகாலட்சுமி வழக்கம்போல ஸ்டூலை இழுத்தாள். "இருக்கட்டும் விடு" என்றேன்.

கடிகாரம் இன்னும் சோபாவுக்கு அடியில்தான் கிடக்கிறது, பேட்டரி இல்லாமல்.