கடைசியில் வந்த சிவப்பு வண்டி

செய்தி முதலில் வண்டியைப் பற்றித்தான் வந்தது. தை மாதத்து முற்பகல். மருந்துக் கடையில் ஒருவருக்கு மாத்திரை கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கார்க் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் சைக்கிளில் வந்து, ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு, "புதுவயல் ரோட்டுல நம்ம சிவப்பு வண்டி நொறுங்கிப் போச்சு. முன்பக்கம் மட்டும் தப்பிச்சிருக்கு" என்றார். ஓட்டியவர் என்ன ஆனார் என்று நான் கேட்ட பிறகுதான், "காளிமுத்து அண்ணன் போயிட்டாக" என்றார். வண்டி முதலில், மனிதர் பிறகு. அந்த வரிசையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அண்ணனைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்காக இவ்வளவு சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்றவர். விவசாயக் குடும்பம். ஆள் உயரம், வண்டியோ குள்ளம். அதற்குள் அவர் ஏறி உட்காருவதே ஒரு வேடிக்கை. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, மேல்கூரை இல்லாத, சீமையில் செய்த சிவப்பு ரேஸ் வண்டி. அதில் அவருக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு புண்ணாக்கு மூட்டைதான் உட்கார்ந்து வரும். ஊரே சிரிக்கும். "இவ்வளவு காசு போட்டு ஓட்டுறோம், ஒரு மூட்டையாவது சுமக்கட்டுமே" என்பார்.

அந்த வண்டி அவருக்கு வந்த கதையும் உங்களுக்குத் தெரியும். பள்ளத்தூர் நாச்சியப்பன் செட்டியாரின் மகன் மலேயாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து, ஆசை தீர்ந்ததும் வீட்டுக் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிவிட்டுத் திரும்பப் போய்விட்டார். அதைக் கேட்டு வராத ஆள் இல்லை. மதுரையிலிருந்துகூட வந்தார்கள். செட்டியார் யாருக்கும் கொடுக்காமல் இவரைக் கூப்பிட்டுக் கொடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "வந்தவுக எல்லாரும் இது எம்புட்டு வேகம் போகும்னு கேட்டாக. காளிமுத்து மட்டுந்தான் பிரேக்கு நல்லா இருக்கான்னு கேட்டாப்ல" என்றார். இந்தப் பேச்சைக் கூட்டத்தில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பிறகு வசதியாக மறந்துவிட்டோம்.

எங்கள் கூட்டத்துக்குப் பேர் கிடையாது, தலைவர் கிடையாது. கார்ப் பைத்தியங்கள் என்று வீட்டுப் பெண்கள் வைத்த பேர்தான் பேர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லா வண்டியும் காரைக்குடியிலிருந்து கிளம்பித் திருக்கோஷ்டியூர் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பும். பெட்ரோல் விலை ஏறிய பிறகும் அது நிற்கவில்லை. இருப்பதிலேயே பழைய வண்டி முன்னால் போக வேண்டும். அதை யாரும் தாண்டக் கூடாது. இருப்பதிலேயே வேகமான வண்டி கடைசியில் வர வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் காளிமுத்து அண்ணன். ஆகவே நாங்கள் பள்ளத்தூரார் என்று கூப்பிடும் அந்தச் செட்டியாரின் கறுப்புப் பெட்டி வண்டி கோயில் தேர் மாதிரி முன்னால் ஆடிப் போகும். எல்லோருக்கும் பின்னால், எங்கள் புகையை எல்லாம் குடித்துக்கொண்டு, சிவப்பு வண்டி வரும்.

ஒருமுறை திருப்பத்தூர் தாண்டியதும் என் வண்டி படுத்துவிட்டது. அண்ணன் இறங்கி, இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு வடக்கயிற்றை எடுத்தார். கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைத்த காலத்துக் கயிறு. ஒரு முனையைத் தன் வண்டியிலும் மறுமுனையை என் வண்டியிலும் கட்டிப் பெருமாள் கோயில் வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தார். சேவிக்க வந்த கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கு வெட்கம். "ரேஸ் வண்டியை மாடாக்கிட்டீகளே அண்ணே" என்றேன். "மாடு வச்சிப் பிழைச்ச குடும்பந்தானே. வேகமா போற வண்டிக்குக் கயிறு எதுக்குன்னு கேக்குறாக. மெதுவா போற ஒங்களுக்காகத்தான்யா" என்றார். அந்தக் கயிறு இழுக்காத வண்டி எங்கள் கூட்டத்தில் இல்லை. உங்கள் வண்டியையும் இழுத்திருக்கிறது. நினைத்துப் பாருங்கள்.

அவருக்கு வேகமே பிடிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். நன்றாகப் பிடிக்கும். அதற்கு ஓர் இடம் வைத்திருந்தார். செட்டிநாட்டுப் பக்கம் யுத்த காலத்தில் போட்ட பழைய விமானத் திடல் இருக்கிறதே, அங்கே எப்போதாவது கொண்டுபோய், ஆடு மாடு எதுவும் இல்லையென்று முழு நீளமும் நடந்து பார்த்துவிட்டு வந்து, தான் மட்டும் ஏறி, ஒருமுறை விட்டுப் பார்ப்பார். நாங்கள் ஓரமாக நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம். இறங்கி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது எனக்கும் வண்டிக்கும் உள்ள பேச்சு. ரோட்டுல போறவுகளுக்கு இதுல என்ன சம்பந்தம்?" என்பார். திரும்பி வரும்போது மாட்டு வண்டிக்குப் பின்னால் பொறுமையாக வருவார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். அறுப்புக் காலத்தில் நம் பக்கத்தில் நெற்கதிரைத் தார் ரோட்டில் பரப்பி வைப்பார்கள். போகிற வண்டிகளே ஏறி இறங்கிக் கதிரடித்துக் கொடுத்துவிடும். பெரிய வண்டிகளுக்கு அதில் ஒன்றுமில்லை. அண்ணனின் வண்டிக்கு வயிறு தரையோடு கிடக்கும்; வைக்கோல் தாள் அடியில் சுற்றிக்கொண்டால் புகைக்குழாய்ச் சூட்டில் தீப்பிடித்துவிடும். அதனால் கதிரைக் கண்டால் வண்டியை ஓரங்கட்டி, பெண்கள் கொஞ்சம் ஒதுக்கிவிடும் வரை உட்கார்ந்திருப்பார். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். பின்னால் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த அரிசி மில் லாரி, நின்ற வண்டியின் மேல் ஏறியது. கதிர் பரப்பிய பெண்கள் கண்ணால் பார்த்தவர்கள். அவர்களில் ஒருத்தி அழுதுகொண்டே என்னிடம் சொன்னது: "ஒதுக்கித் தாரோம் சாமின்னேன். 'மெதுவா ஒதுக்கு ஆத்தா, ஒண்ணும் அவசரமில்லை'ன்னாக. நான் குனிஞ்சு நிமிரலை." அவசரமில்லை என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்ன சொல்.

லாரி டிரைவர் வேறு கதை சொன்னான். சிவப்பு வண்டி லாரியை முந்திக்கொண்டு பறந்து வந்ததாம், கதிரைக் கண்டு திடீரென்று பிரேக் போட்டதாம். இதை எந்தச் சின்னப் பிள்ளையும் நம்பாது. ஆனால் சப்-இன்ஸ்பெக்டர் நம்பினார். நம்ப வைத்தது யார் தெரியுமா? நாம்தான்.

அன்று நான் போய்ச் சேர்ந்தபோது நொறுங்கிய வண்டியைச் சுற்றி எங்கள் ஆட்கள் நின்றார்கள். சப்-இன்ஸ்பெக்டர், "இந்த வண்டி என்ன வேகம் போகும்?" என்று கேட்டார். உடனே ஒருவர், "எம்பது மைல் அலுங்காமப் போகும் சார்" என்றார். இன்னொருவருக்குப் பொறுக்கவில்லை. "எம்பதா? நூறைத் தொட்டிருக்கு. எங்கண்ணால பார்த்திருக்கேன்." மூன்றாமவர், ஜில்லாவிலேயே இதற்கு ஈடு கிடையாது என்றார். மஞ்சுவிரட்டுக் காளையைப் பற்றிப் பேசுவதுபோல் முகத்தில் அப்படி ஒரு பெருமை. ஓட்டியவரின் உடம்பை அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருந்தார்கள். விமானத் திடலில் பார்த்த வேகத்தை இவர்கள் சொல்ல, அண்ணன் புதுவயல் ரோட்டில் போன வேகமாக அதைச் சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். "சார், நின்ன வண்டி அது" என்று நான் கத்தினேன். "நீங்க பார்த்தீங்களா?" என்றார். நான் பார்க்கவில்லை. பார்த்த பெண்களைக் கேளுங்கள் என்றேன். "கார் வச்சிருக்கவங்களே சொல்றாங்க, களத்துப் பொம்பளைங்களையா கேட்கச் சொல்றீங்க?" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வாய் தவறிச் சொல்லிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மறுநாள் போய்த் திருத்தியிருக்கலாம் அல்லவா? திருத்தவில்லை. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். மதராஸிலிருந்து நம் பழைய வண்டிகளுக்கு உதிரிச் சாமான் வருவது அதே மில்காரரின் லாரிகளில்தான். அவரைப் பகைத்துக்கொண்டால் பிஸ்டன் எப்படி வரும், பெல்ட் எப்படி வரும்? பிறகு ஓர் இரங்கல் கூட்டம் வேறு போட்டார்கள். மில்காரர் ஆளுயர ரோஜா மாலை அனுப்பியிருந்தார். ஒருவர் எழுந்து, வேகம் விவேகமல்ல என்பதற்கு அண்ணன் ஒரு பாடம் என்று பேசினார். பேசியவரின் வண்டியை மூன்று முறை அந்தக் கயிறு வீடு கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

கருமாதி முடிந்த பிறகு ஒருநாள், துக்கம் கேட்கிற மாதிரி ஐந்தாறு பேர் அண்ணன் வீட்டுக்கு வந்தார்கள். நானும் பள்ளத்தூராரும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தோம். போலீசார் திருப்பிக் கொடுத்த வண்டி கொல்லையில் கிடந்தது. வந்தவர்களுக்குப் பேச்சு இங்கே, கண் கொல்லையில். கடைசியில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மதினி, தப்பா நினைக்காதீக. முன்விளக்கு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. மழையில கிடந்தா வீணாப் போகும்" என்றார். இன்னொருவர் கார்புரேட்டரைப் பற்றி ஆரம்பித்தார். செத்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை சரியாகச் சொல்ல வாய் வராதவர்களுக்கு, அவர் வண்டியின் ஒவ்வொரு திருகாணியும் மனப்பாடமாக இருந்தது.

அண்ணனின் மனைவி பஞ்சவர்ணம் மதினி அதிகம் பேசாதவர். அன்று பேசினார்.

"எடுத்துக்கங்க. அவுக இருந்தாலும் குடுத்திருப்பாக. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டு எடுங்க. இத்தனை வருசத்துல ஒருநாளாச்சும் அவுக ஒங்க வண்டியைத் தாண்டிப் போயிருக்காகளா?"

கார்புரேட்டர் கேட்டவர் காப்பி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். மதினி விடவில்லை. விளக்குக் கேட்டவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க" என்றார்.

"இல்ல மதினி."

"அப்ப அந்த லாரியை மட்டும் எப்படித் தாண்டுனாக? நூறு மைலுன்னு நீங்கதான் சொன்னீகளாம். ரேஸ் விட்டுச் செத்தவரு மகளான்னு எம்மகளைப் பள்ளிக்கூடத்துல கேக்குறாக. போயி, அது அவுக போன வேகமில்லைன்னு சொல்லிட்டு வாங்க. அப்புறம் விளக்கு என்ன, வண்டியவே எடுத்துட்டுப் போங்க."

வந்தவர்கள் காப்பியைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்து போனார்கள். போலீஸ் ஸ்டேஷன் இருந்த திசையில் ஒருவரும் போகவில்லை. பள்ளத்தூரார்தான் என் தோளைப் பிடித்து எழுந்து, "வாங்க தம்பி, நாம போவோம்" என்றார். அந்தக் கறுப்பு வண்டியில் போனோம். இப்போது வந்து மாற்றிச் சொன்னால் எப்படி என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். பள்ளத்தூரார் நிதானமாக, "மாத்திச் சொல்லலை. வண்டி என்ன வேகம் போகும்னு கேட்டீக, சொன்னாக. ஆளு என்ன வேகத்துல போவாருன்னு நீங்க கேக்கவே இல்லையே. இப்பக் கேளுங்க" என்றார். அன்று எங்கள் இருவர் பேச்சையும் எழுதிக்கொண்டார். அந்தப் பெண்களையும் அழைத்து விசாரித்தார். ஆனாலும் நூறு மைல் என்று சொன்னவர்கள் வந்து தாங்களே திருத்தினால்தான் அது அழியும் என்று வக்கீல் சொல்கிறார்.

வழக்குக் கோர்ட்டுக்கு வரப்போகிறது. முன்விளக்குகள் இன்னும் கொல்லையில்தான் இருக்கின்றன. எடுக்க யாரும் வரவில்லை. நான் மட்டும் மதினியிடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன், அந்த வடக்கயிற்றை. அதற்கு முன் மதினியின் கேள்விக்கு, கேட்காமலே, ஒருநாளும் அவர் என் வண்டியைத் தாண்டியதில்லை என்று பதில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது இரண்டே வண்டிகள்தான் திருக்கோஷ்டியூர் போகின்றன. பள்ளத்தூரார் முன்னால். நான் பின்னால். கயிறு என் இருக்கைக்குப் பின்னால் கிடக்கிறது.

அவரை அறிந்த நண்பர்களே, வழக்கு வரும் நாளில் கோர்ட்டுக்கு வாருங்கள். வண்டி கிளம்பவில்லை, பாட்டரி இறங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் கவலை வேண்டாம். சொல்லியனுப்புங்கள். உங்கள் வாசலுக்கே வந்து, கயிற்றைக் கட்டி, கடைத்தெரு வழியாக எல்லோரும் பார்க்க இழுத்துக்கொண்டு போவேன்.