பிரிக்கத் தைத்த பெயர்

ஹனூரிலிருந்து மைசூருக்கு வாக்கப்பட்டு வந்த சுசித்ரா, மண்டி மொஹல்லாவில் தையல் கடை வைத்திருந்தாள். ஒரு சின்ன ஃபுட்பால் கிளப்பின் ஜெர்ஸிகளுக்குப் பெயர் தைப்பது அவள்தான். உள்ளூர்ப் பையன்களின் பெயரை மெஷினில் அழுத்தித் தைப்பாள். வெளிநாட்டிலிருந்து பிடித்து வரும் பையன்களின் பெயர்ப்பட்டையை மட்டும் கையால், நூலை இழுத்தால் பிரிகிற மாதிரி தைக்கச் சொல்லியிருந்தார் செக்ரட்டரி ஸ்ரீகண்டன்.

"ஜெர்ஸி நாலு வருஷம் உழைக்கும்மா. இந்தப் பசங்க ஒரு சீசன்தான்."

சுசித்ராவும் அப்படியே தைத்துக் கொடுத்தாள்.

கானாவிலிருந்து வந்த கோஃபி மட்டும் ஜெர்ஸியை வாங்கக் கடைக்கே வந்தான். மீசைகூடச் சரியாக முளைக்காத பிள்ளை. தன் பெயரைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். பிறகு பட்டையின் ஓரத்தை விரலால் நெம்பிப் பார்த்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் குனிந்துகொண்டாள்.

மழைக்காலத்துக்கு முன்பே அந்த ஜெர்ஸியை ஸ்ரீகண்டன் கொண்டுவந்து போட்டார்.

"பையன் எங்கீங்க சார்?"

"முட்டி போயிடுத்து. ஊருக்கு அனுப்பியாச்சு. நாளைக்கு வேற பையன் வரான், இந்தப் பேரை எடுத்துடு."

நூலை இழுத்தாள். அவள் போட்ட தையல் சரசரவென்று வந்தது, பட்டை வரவில்லை. உற்றுப் பார்த்தாள். அவள் தையலை ஒட்டியே, கோணல்மாணலாக, நெருக்கி நெருக்கி இன்னொரு தையல். ஊசி பிடித்துப் பழகாத கை.

"இதப் பிரிச்சா துணி கிழிஞ்சுருமுங்க."

"ஏன் பிரிக்கணும்?" என்றார் ஸ்ரீகண்டன். "அதும் மேலயே புதுப் பேரை வெச்சுத் தெச்சுடு. லூஸாவே தை."